விளக்கைத் தொட்டுக் கும்பிடுறோம், துடைக்க மாட்டோம்

போன தடவை ஐ.பி.எல். ஏலம் பத்தி எழுதினேன். இந்தத் தடவை டியூப்லைட் பத்தி. சிரிக்காதீங்க மக்களே, மேட்டர் சீரியஸ்.

எங்க ஊர் சின்னசேலம். 2019-ல மாவட்டம் பிரிச்சதுக்கு அப்புறம் கள்ளக்குறிச்சி மாவட்டம், அதுக்கு முன்னாடி விழுப்புரம். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க கடைவீதியில நடந்தா ஒரு காட்சி பார்க்கலாம். முதல் லைட்டைப் போட்ட உடனே கடைக்காரர் ஸ்விட்ச்சைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவார். சிலர் எரியுற லைட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாங்க. எங்க ஆயா விளக்கை "அணை"ன்னு சொல்லவே விடமாட்டாங்க, "அமர்த்து"ன்னுதான் சொல்லணும். வெளிச்சத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற ஜனங்க நாம.

அதே கடைகள் இருக்கிற காம்ப்ளெக்ஸோட படிக்கட்டுல ஏறிப் பாருங்க. மரியாதை எல்லாம் தெருவோட நின்னுடும்.

நான் சொல்ற காம்ப்ளெக்ஸ் பேர் வேண்டாம். மூணு மாடி, 18 கடை. வெளியே ராட்சச போர்டு, அதுக்கு மேல நாலு ஃப்ளட் லைட். பஸ்ஸுல தூங்கிட்டு வர்றவனையே எழுப்பிடும். உள்ளே படிக்கட்டுக்கு ஆறு லைட் ஃபிட்டிங். போன ஐப்பசி மாசம் அதுல எரிஞ்சது ரெண்டு. அந்த ரெண்டுலயும் ஒண்ணு கண்ணடிச்சுக்கிட்டே இருந்தது.

ரெண்டாவது மாடியில ஒரு தையல் கடை. எங்க அம்மா அங்கதான் வேலை பார்க்கிறாங்க. தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ராத்திரி ஒன்பதரை மணி, வெளியே மழை. வேலையை முடிச்சுட்டு இறங்கியிருக்காங்க. முதல் மாடித் திருப்பத்துல கும்மிருட்டு. படி முடிஞ்சுதுன்னு நெனச்சு காலை வெச்சிருக்காங்க. இன்னும் ரெண்டு படி பாக்கி இருந்திருக்கு. வலது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

தையல்காரங்களுக்கு வலது கை இல்லாத ஆறு வாரம், அதுவும் தீபாவளி சீசன்ல. பீஸ் கணக்குல கூலி. தைக்காத ஜாக்கெட்டுக்கு யார் காசு கொடுப்பா? வருஷத்துல அந்த ஒரு மாசத்தை நம்பித்தான் எங்க வீட்டுல என் பரீட்சை ஃபீஸ்ல இருந்து எல்லாமே.

மறுநாள் கட்டடத்தைப் பார்த்துக்கிற மேனேஜர்கிட்ட போனேன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஏன் தம்பி, உங்கம்மா பார்த்து இறங்கக் கூடாதா?"

"எதை வெச்சுண்ணே பார்க்கிறது? லைட்டே இல்லையே."

"போன வருஷம்தான் எல்லாம் எல்.இ.டி. மாத்தினோம். எல்.இ.டி. போட்டாச்சுன்னா அப்புறம் என்னப்பா மெயின்டெனன்ஸ்? அது பாட்டுக்கு எரியும்."

இந்த ஒரு வரிதான் என்னை உட்கார வெச்சு எழுத வெச்சது. ஏன்னா இது அவர் மட்டும் சொல்றது இல்ல. கடைக்காரங்க சொல்றாங்க, கல்யாண மண்டபத்துக்காரங்க சொல்றாங்க, என் கூடப் படிக்கிற பசங்களே சொல்றாங்க. எல்.இ.டி. வந்துடுச்சு, இனிமே லைட்டைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்னு. சுத்தப் பொய்.

பெட்டி மேல 25,000 மணி நேரம், 50,000 மணி நேரம்னு போட்டிருக்கும். அதுக்கு அர்த்தம் அத்தனை மணி நேரமும் புதுசு மாதிரியே எரியும்னு இல்ல. பொதுவா எல்.இ.டி. ஆயுளைக் கணக்கு போடுறது, வெளிச்சம் புதுசா இருந்தப்போ இருந்ததுல 70 சதவீதத்துக்குக் குறையுற வரைக்கும். அதாவது சாகறதுக்கு முன்னாடியே அது மங்கிக்கிட்டே வரும். பழைய குண்டு பல்பு ஒரு நாள் "டப்"புனு போகும், உடனே தெரியும். இது கொஞ்சம் கொஞ்சமா மங்கும், கண்ணும் அதுக்குக் கொஞ்சம் கொஞ்சமா பழகிடும். யாருக்கும் தெரியாது. அப்போ முன்னைவிட அதிகமா கவனிக்கணுமா, குறைச்சலாவா? நீங்களே சொல்லுங்க.

ரெண்டாவது விஷயம், எங்க தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது. பெரும்பாலும் போறது அந்தக் குட்டிக் குட்டி எல்.இ.டி. இல்ல, அதுக்குக் கரண்ட் கொடுக்கிற டிரைவர். ஏ.சி. கரண்ட்டை டி.சி.யா மாத்துற சின்ன போர்டு. அதுல இருக்கிற கெப்பாசிட்டருக்குச் சூடு ஆகாது. மூடின கண்ணாடிக்குள்ள, மொட்டை மாடிக்குக் கீழே, சித்திரை வெயில்ல எவ்வளவு சூடு இருக்கும்னு எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அதுக்கு மேல வோல்டேஜ் ஏறி இறங்கும். மூணு ஃபேஸ் வர்ற கட்டடத்துல நியூட்ரல் ஒயர் லூஸாகிக் கழண்டுக்கிட்டா, 230 வோல்ட் வர வேண்டிய லைட்டுக்கு அதைவிட எக்கச்சக்கமா பாயும். பத்து லைட் ஒரே ராத்திரியில காலி. அப்போ பழுது லைட்டுல இல்ல, மெயின் போர்டுல. லைட்டை மட்டும் மாத்திக்கிட்டே இருந்தா அது திரும்பத் திரும்பப் போய்க்கிட்டேதான் இருக்கும்.

மூணாவது, தூசி. எங்க காம்ப்ளெக்ஸ்ல எரியாத ஃபிட்டிங் ஒண்ணைக் கழட்டிப் பார்த்தப்போ உள்ளே கால் கிலோ ஈசல் றெக்கை இருந்திருக்கும் போல. (மிகைப்படுத்துறேன், ஆனா ரொம்ப இல்ல.) லைட்டிங் டிசைன் பண்றவங்க "மெயின்டெனன்ஸ் ஃபேக்டர்"னு ஒண்ணு வெச்சிருக்காங்க. அழுக்கும் வயசும் வெளிச்சத்தைத் தின்னும்னு முன்கூட்டியே கழிச்சுக்கிற கணக்கு அது. 0.8-ன்னு வெச்சா, புதுசுல 100 கிடைக்கிற இடத்துல ஒழுங்கா பராமரிச்சாலும் 80 தான் கிடைக்கும். கவனிங்க, ஒழுங்கா பராமரிச்சா! நாங்க பி.காம்ல தேய்மானம்னு படிக்கிறோமே, அதேதான். நீங்க கணக்குப் புத்தகத்துல எழுதினாலும் எழுதாட்டியும் லைட் தேய்ஞ்சுக்கிட்டுதான் இருக்கும்.

கட்டடத்துக்குள்ள எங்க எவ்வளவு வெளிச்சம் வேணும்னு ஐ.எஸ். 3646-னு இந்தியத் தரநிர்ணயம் ஒண்ணு இருக்கு. அதுல படிக்கட்டுக்கு 100 லக்ஸும் அதுக்கு மேலயும் சொல்லியிருக்கு. லக்ஸ்ங்கிறது ஒரு பரப்பு மேல விழற வெளிச்சத்தோட அளவு. அம்மா விழுந்த இடத்துல நான் ஃபோன் ஆப் வெச்சு அளந்தேன். ஃபோன் ஆப் துல்லியமா இருக்காதுன்னு எனக்கும் தெரியும். ஆனா அது 3-ஐத் தாண்டவே இல்ல. 100 எங்கே, 3 எங்கே. இதுல துல்லியம் எதுக்கு?

சரி, காமர்ஸ் படிக்கிறவன் காசு பேசாம இருக்கலாமா. கணக்கு போடுவோம். ஒவ்வொரு கடையும் மாசம் 300 ரூபாய் மெயின்டெனன்ஸ் கட்டுது. 18 கடை, மாசம் 5,400. வருஷத்துக்கு 64,800 ரூபாய்.

இப்போ படிக்கட்டுச் செலவு. ஆறு லைட், ஒண்ணு 20 வாட், தினமும் ஆறு மணி நேரம். 0.72 யூனிட். கடை கரண்ட்டை யூனிட் பத்து ரூபாய்னு வெச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 7 ரூபாய் 20 காசு, வருஷத்துக்குச் சுமார் 2,600. ஆறு லைட்டையும் வருஷா வருஷம் புதுசாவே மாத்தினாலும், ஒண்ணு 300 ரூபாய்னு 1,800. எலக்ட்ரீஷியன் மாசம் ஒரு தடவை வந்து துடைச்சு, டைட் பண்ணி, பார்த்துட்டுப் போக 500 ரூபாய்னு வருஷம் 6,000. மொத்தம் 10,400 ரூபாய். வசூல் பண்ற பணத்துல ஆறுல ஒரு பங்குகூட இல்ல. கூட்டுறவங்க சம்பளம், தண்ணி மோட்டார் எல்லாம் இருக்கு, ஒத்துக்கிறேன். அதெல்லாம் போக இந்த ஆறுல ஒரு பங்குக்கு இடமே இல்லையா?

வெளியே அந்த நாலு ஃப்ளட் லைட், ஒண்ணு 100 வாட். அதே ஆறு மணி நேரத்துக்கு 2.4 யூனிட், 24 ரூபாய். அதாவது கூப்பிடுறதுக்கு 24 ரூபாய், வந்தவங்க பத்திரமா இறங்குறதுக்கு 7 ரூபாய். அந்த ஏழும் கட்டுப்படியாகலையாம்.

இன்னொண்ணு. இது எங்க இன்கம்டாக்ஸ் பேப்பர்ல வர்றது. வாடகைக்கு விட்ட கட்டடத்துல வர்ற வருமானத்துல, உள்ளாட்சிக்குக் கட்டின வரியைக் கழிச்சதுக்கு அப்புறம், 30 சதவீதத்தை அப்படியே கழிச்சுக்கலாம். 1961-ம் வருஷத்துச் சட்டத்துல 24-வது பிரிவு. 2025-ல போட்ட புது வருமான வரிச் சட்டத்துலயும் அந்த 30 சதவீதம் அப்படியே இருக்கு. பழைய நாள்ல ரிப்பேருக்கு, வாடகை வசூல் பண்றதுக்குன்னு தனியா நாலுல ஒரு பங்கு கழிவு இருந்தது. அப்புறம் எல்லாத்தையும் சேர்த்து 30 ஆக்கிட்டாங்க. இதுக்கு பில் காட்டணுமா? வேண்டாம். ஒரு பல்பு மாத்தியிருக்கணுமா? வேண்டாம். ஒண்ணுமே செய்யாதவருக்கும் 30, ஒழுங்கா செய்றவருக்கும் அதே 30. வாடகைக்காரன்கிட்ட மெயின்டெனன்ஸுன்னு தனியா வாங்குறது வேற கதை. நான் வரி ஏய்ப்புன்னு சொல்லல, சட்டப்படி சரிதான். ஆனா கட்டடச் செலவுக்குன்னு சர்க்காரும் விட்டுக்கொடுக்குது, கடைக்காரரும் கொடுக்கிறார். ரெண்டையும் வாங்கிக்கிட்டவர் "பார்த்து இறங்கக் கூடாதா"ன்னு கேக்குறார்.

"ஒரு மணிக்கட்டு உடைஞ்சதுக்கு இவ்வளவு அலப்பறையா"ன்னு நினைக்கிறவங்களுக்கு, 1997 ஜூன் 13, டெல்லி, உப்ஹார் தியேட்டர். "பார்டர்" படம் ஓடிக்கிட்டிருந்தது. கீழ்த்தள பார்க்கிங்ல இருந்த டிரான்ஸ்ஃபார்மர்ல தீப்பிடிச்சுப் புகை மேலே ஏறிச்சு. அந்த டிரான்ஸ்ஃபார்மரை அன்னிக்குக் காலையிலதான் ரிப்பேர் பண்ணியிருந்தாங்க. கேபிள் முனையை உரிய கருவி வெச்சு இறுக்காம விட்டுட்டாங்கன்னு விசாரணையில வந்தது. கரண்ட் போச்சு, ஹால் இருட்டாச்சு. எமர்ஜென்சி லைட் இல்ல, வெளியே போற வழி காட்டுற லைட் எரியல. பால்கனியில இருந்தவங்க இருட்டுலயும் புகையிலயும் கதவைத் தேடியிருக்காங்க. 59 பேர் இறந்துட்டாங்க, நூறு பேருக்கு மேல காயம். வழக்கு வருஷக்கணக்கா நடந்து, 2015-ல உச்ச நீதிமன்றம் தியேட்டர் முதலாளிகள் ரெண்டு பேருக்கும் தலா 30 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கதவு மேல எரியுற லைட்டுக்கு எத்தனை ரூபாய் ஆகியிருக்கும்?

எங்க காம்ப்ளெக்ஸ்லயும் எமர்ஜென்சி லைட் இருக்கு. சுவத்துல கம்பீரமா மாட்டியிருக்காங்க. நான் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். சின்னதா ஒரு மினுக்கு, அவ்வளவுதான். பேட்டரி செத்து எத்தனை மாசமாச்சோ. பேட்டரின்னா சும்மா இருந்தாலும் வயசாகும், அப்பப்போ இறக்கி ஏத்திப் பார்க்கணும், சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். இதைப் பண்ணாத எமர்ஜென்சி லைட்டும் சுவத்துல தொங்குற காலண்டரும் ஒண்ணு. காலண்டராவது தேதி காட்டும் :-)

"சட்டம் இருக்கா?"ன்னு ஒரு நண்பன் கேட்டான். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 17-வது பிரிவு, வேலை செய்ற இடத்துல மட்டுமில்ல, தொழிலாளர்கள் கடந்து போற இடத்துலயும் போதுமான வெளிச்சம் ஏற்படுத்தி அதைப் பராமரிக்கணும்னு சொல்லிச்சு. வெளிச்சம் வர்ற ஜன்னல் கண்ணாடியை உள்பக்கம், வெளிப்பக்கம் ரெண்டும் துடைச்சு வைக்கணும்னுகூட எழுதி வெச்சாங்க. வெறுமனே மாட்டினா போதாது, துடைக்கணும்னு 1948-லேயே தெரிஞ்சிருக்கு. 2025 நவம்பர்ல அந்தச் சட்டத்தோட இடத்துக்குப் புதுத் தொகுப்பு வந்துடுச்சு. ஆனா எங்கம்மா வேலை பார்க்கிறது ஃபேக்டரி இல்லையே, மாடியில ஒரு சின்னக் கடை.

கடைகளுக்கும் ஒண்ணும் நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். 2021-ல தமிழ்நாட்டுல கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை சட்டமா வந்தது. ஜவுளிக்கடைப் பொண்ணுங்க நாள் பூரா நிக்கிற கொடுமைக்கு ஒரு முடிவு. மனசார வரவேற்கிறேன். 2019-ல பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம்னு அரசாணை வந்தது. திறக்கிற நேரம் ராத்திரிக்குள்ள நீண்டுக்கிட்டே போகுது. அந்த நேரத்துல கடையை மூடிட்டு இறங்குறவங்களோட படிக்கட்டை யார் பார்க்கிறாங்க? கடைக்குள்ள லைட் எரியலைன்னா கடைக்காரர் பத்து நிமிஷத்துல மாத்திடுவார், வியாபாரம் போயிடும். தெரு லைட் எரியலைன்னா பேரூராட்சியில போய்ச் சத்தம் போடலாம். நடுவுல இருக்கிற படிக்கட்டு யாருக்கும் சொந்தமில்ல. கடைக்காரர் "ஓனர் பார்க்கணும்" என்பார், ஓனர் "மேனேஜரைக் கேளு" என்பார், மேனேஜர் "எல்.இ.டி. போட்டாச்சு" என்பார்.

மேனேஜர் பக்க நியாயத்தையும் சொல்லிடுறேன். "மாட்டினா பல்பைக் கழட்டிக்கிட்டுப் போயிடுறாங்க தம்பி"ன்னார். உண்மைதான். எங்க ஊர்லயே நடக்குது, செய்றது நம்ம ஆளுங்கதான், வெட்கமா இருக்கு. அதுக்குத்தான் கம்பி வலை போட்ட ஃபிட்டிங் விக்குது. "ராத்திரி பூரா எரிஞ்சு பில் ஏறுது"ன்னார். ஆள் நடமாட்டம் தெரிஞ்சா மட்டும் எரியுற சென்சார் லைட் நம்ம ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்குது. நாங்க கேக்குறது குற்றாலம் சீசன் சீரியல் செட் இல்ல. இறங்குற படி தெரியணும், அவ்வளவுதான்.

படிக்கட்டுக்குக் கீழே இன்னொரு அநியாயம். மாத்தின பழைய டியூப்லைட் எல்லாம் அங்க சாய்ச்சு வெச்சிருக்காங்க, பாதி உடைஞ்சிருக்கு. அதுக்குள்ள பாதரசம் இருக்குங்கிறதே பலருக்குத் தெரியாது. பாதரசம் பத்தின மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-ல ஜெனீவாவுல கூடி, 2027 முடிவோட இந்த டியூப்லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த முடிவு பண்ணியிருக்காங்க. நம்ம நாட்டுலயும் பாதரச விளக்குகள் 2016 மின்கழிவு விதிகளிலேயே வந்தாச்சு. குப்பையில போடக்கூடாது. எங்க ஊர்ல அது பசங்க விளையாடுற இடத்துல கிடக்கு.

நான் கேக்குறது அஞ்சே அஞ்சு:

1. மாசம் ஒரு நாள் எலக்ட்ரீஷியன் வந்து, மெயினை ஆஃப் பண்ணிட்டு, எல்லா ஃபிட்டிங்கையும் துடைச்சு, ஹோல்டரும் ஒயரும் டைட்டா இருக்கான்னு பார்க்கணும்.
2. ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு நம்பர். ஒரு நாற்பது பக்க நோட்டுல எப்போ மாட்டினது, எப்போ போச்சுன்னு எழுதணும். ஒரே நம்பர் திரும்பத் திரும்பப் போச்சுன்னா ஒயரிங்கைப் பாருங்க.
3. எமர்ஜென்சி லைட்டை மாசா மாசம் மெயினை நிறுத்திச் சோதிக்கணும்.
4. எரியலைன்னு சொன்னா ரெண்டு நாளைக்குள்ள மாத்தணும். யார்கிட்ட சொல்லணும்னு படிக்கட்டுலயே ஒரு ஃபோன் நம்பர் எழுதி ஒட்டணும்.
5. மெயின்டெனன்ஸ் வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பேப்பர்ல எழுதிச் சுவத்துல ஒட்டணும். எழுதத் தெரியலைன்னா நான் இலவசமா எழுதிக் கொடுக்கிறேன், மூணாவது வருஷம் பி.காம்.

இதை ஒரு மனுவா எழுதி 18 கடைக்கும் எடுத்துட்டுப் போனேன். 11 பேர் கையெழுத்துப் போட்டாங்க. மூணு பேர் "ஓனரைப் பகைச்சுக்க முடியாதுப்பா"ன்னாங்க. அவங்க மேல கோபமில்ல, அட்வான்ஸ் பணம் அவர்கிட்ட மாட்டியிருக்கு. மீதி நாலு பேர் "நாளைக்கு வா"ன்னாங்க, இன்னும் நாளைக்கு வரல.

மனு கொடுத்து மூணாவது நாள் முதல் மாடித் திருப்பத்துல புது லைட் மாட்டிட்டாங்க. இப்போ ஆறுல நாலு எரியுது. எமர்ஜென்சி லைட் அப்படியேதான் இருக்கு, நோட்டும் இல்ல. அம்மா தை மாசத்துல இருந்து மறுபடி வேலைக்குப் போறாங்க. கட்டைவிரல் முழுசா மடங்கல, காஜா எடுக்க முன்னைவிட நேரமாகுது. ராத்திரி ஒன்பதரைக்கு நான் டார்ச் எடுத்துட்டுப் போய்க் கீழே நிக்கிறேன். மலையில இருந்து சாமான் வாங்க வந்தவங்க, கைக்குழந்தையோட வர்றவங்க எல்லாம் அந்த டார்ச் வெளிச்சத்துலயே இறங்குறாங்க. கடைசி பஸ்ஸுக்கு ஓடுறவங்களுக்கு நின்னு நன்றி சொல்லக்கூட நேரம் இருக்காது.

இதைப் படிக்கிறவங்க இன்னிக்கு ராத்திரி உங்க ஊர் காம்ப்ளெக்ஸ் படிக்கட்டுல ஒரு தடவை ஏறி இறங்குங்க. எத்தனை ஃபிட்டிங் இருக்கு, எத்தனை எரியுதுன்னு எண்ணுங்க. எண்ணினதை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓனர்கிட்ட கொடுங்க. ஒரு கையெழுத்துக்கு அசைய மாட்டாங்க, 11 கையெழுத்துக்கு ரெண்டு லைட் எரிஞ்சிருக்கு. அடுத்த மாசம் நான் அந்த நாலு பேரையும் திரும்பப் போய்ப் பார்க்கப் போறேன்.